ஜெபசீலிக்கு நான் கத்துக்குடுத்த வேலை

தப்பா நெனச்சுக்காதீங்க. மதுரையில ட்ரெயின் ஏறினதுலேர்ந்து நீங்க ஃபோன்ல பேசிட்டு வர்றது காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டு, விழத்தானே செய்யும்? உங்க பொண்ணு விஸ்காம் படிக்கிறாளா? ஏதாவது சேனல்ல இன்டர்ன்ஷிப் கெடைக்குமான்னு சென்னையில விசாரிக்கப் போறீங்க, சரியா? அப்ப இது உங்க நல்ல நேரம்னு வச்சுக்கோங்க. நான் அந்த வேலையிலதான் இருக்கேன். ‘ஒரே வீடு’ பாப்பீங்களா? பிரிஞ்ச குடும்பத்தையெல்லாம் கூட்டிட்டு வந்து உக்கார வச்சு பேச வைப்போமே, அதுதான். பாத்தாலே அழுகையா வருமா? அந்த அழுகைய வர வைக்கிறது நான்தாங்க. புரொட்யூசர். ஹேமலதான்னு கடைசியில பேரு ஓடும், ஒருத்தரும் படிக்க மாட்டாங்க.

உங்க பொண்ணை என்கிட்ட அனுப்புங்க. நான் பாத்துக்கறேன். ஆனா மனசு கொஞ்சம் கெட்டியா இருக்கணும். போன வருஷம் ஒருத்தி வந்தா, ஜெபசீலின்னு. நாசரேத் பக்கம் ஊரு. அப்பா ரேஷன் கடையில எடை போடுறவரு. அந்தப் பொண்ணுக்கு நான் கத்துக்குடுத்தது கொஞ்சநஞ்சமில்ல. இன்னிக்கு என்னடான்னா, அவ வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்னு அவங்க அம்மா பேசுறாங்க. கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

வந்த அன்னிக்கே என்ன கேட்டா தெரியுமா? “மேடம், நான் டாக்குமெண்டரி எடுக்கணும்னு ஆசப்படுதேன். கேமரா கத்துத் தருவீயளா?”

எனக்கு சிரிப்பு தாங்கல. லைட்பாய், மேக்கப் அக்கா, எடிட்டர், எல்லாரையும் கூப்பிட்டு, “இன்னொரு தடவ சொல்லும்மா”ன்னேன். அதுவும் சொல்லுச்சு. யூனிட்டே விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னியிலேர்ந்து அவளுக்கு ‘ஆசப்படுதேன்’னு பேரு வச்சாச்சு. ஏ ஆசப்படுதேன், டீ எங்க? ஏ ஆசப்படுதேன், பேட்டரி சார்ஜ் போட்டியா? எல்லாம் பாசந்தாங்க. பாசம் இல்லாம யாரு பேரு வைப்பா?

ஆடியன்ஸை வரிசையா உக்கார வைக்கிறது, எந்த எடத்துல கை தட்டணும்னு சொல்றது, யாராவது தூங்கினா தட்டி எழுப்புறது, இதுதான் மொத வேலை. ஒரு நாள் பிரேக் முடிஞ்சு வந்தா, விருந்தாளி உக்கார்ற நாற்காலி இடம் மாறிக் கெடக்கு. முன்னாடி எடுத்ததோட ஒட்டாது. அந்த நாற்காலியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓரமா நில்லுன்னேன். நின்னா. கீழ வைக்கவே இல்ல. நானும் மறந்தே போயிட்டேன், சாப்பாட்டுக்குப் போறப்பதான் பாத்தேன். ஆனா அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நாற்காலி மாறல. அதுதாங்க ட்ரெயினிங். நான் சேர்ந்தப்ப எங்க டைரக்டர் க்ளாப் போர்டாலயே மண்டையில போடுவாரு. நான் கையே ஓங்கினதில்ல, தெரியுமா?

அப்புறம்தான் அவகிட்ட ஒரு விஷயம் இருக்குன்னு கண்டுபுடிச்சேன். நான்தான் கண்டுபுடிச்சேன், அவளுக்கே தெரியாது. எங்களுக்கு வர்ற ஃபோனை எடுத்துப் பேச ஒரு டீம் இருக்கும். ஒரு நாள் ஆள் வரலன்னு அவள உக்கார வச்சேன். மத்தவங்கல்லாம் ‘எத்தன வருஷமா பிரச்சினை, யாரு யாரு வருவீங்க’ன்னு கேள்வியா கேப்பாங்க. இவ ஒண்ணுமே கேக்க மாட்டா. “ம்... ம்... சொல்லுங்கக்கா”, அவ்ளோதான். அந்தப் பக்கம் இருக்கறவங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுவாங்க. பெத்த தாய்கிட்ட சொல்லாததெல்லாம் இவகிட்ட சொல்லுவாங்க. இது கத்துக்கிட்டு வர்ற தெறமை இல்லைங்க, பொறப்புலயே வரணும். மறுநாளே அவள ஃபோன்ல போட்டுட்டேன். வந்து கொஞ்ச நாள்ல யாருக்காவது இப்படி ஒரு பொறுப்பு குடுப்பாங்களா? நான் குடுத்தேன்.

அப்ப வந்த கேஸ்தான் கஸ்தூரி. நாங்க ‘கேஸ்’னுதான் சொல்றது, தப்பா எடுத்துக்காதீங்க.

கஸ்தூரி சங்கரன்கோவில்ல தறி ஓட்டுற பொம்பள. புருஷன் செத்துட்டாரு. ஒரே பொண்ணு மகாலட்சுமி, ஒரு பையனோட போய் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அம்மா கோவத்துல பேசாம இருந்துட்டு, இப்ப பேசணுங்குது. பொண்ணும் முழுகாம இருக்கு, அதுவும் அம்மா வேணுங்குது. ரெண்டு பேருக்கும் யாரு மொதல்ல ஃபோன் பண்றதுங்கறதுல வீம்பு. இதுல என்ன இருக்கு சொல்லுங்க? ரெண்டும் மேடையில ஏறினவுடனே கட்டிப்புடிச்சுக்கும், முடிஞ்சுது. விளம்பரத்துக்கு முன்னாடியே முடிஞ்சுடும். சப்புன்னு இருக்கும். நான் வேண்டாம்னேன். ஜெபசீலிதான் கெஞ்சினா. “மேடம், ஒரு எபிசோடாவது நல்லா முடியட்டுமே மேடம்”னா. அவளுக்காகத்தான் எடுத்தேன். எழுதி வச்சுக்கோங்க, அவளுக்காகத்தான்.

ஷூட்டிங் அன்னிக்கு கஸ்தூரிக்கு கையும் ஓடல, காலும் ஓடல. மேக்கப் ரூம்ல உக்கார வச்சு, சேலையில மைக் மாட்டியாச்சு. நான் ஜெபசீலிய, கூடவே இரு, கையப் புடிச்சுக்கோன்னேன். அந்த ரூம்ல சும்மா ஒரு கேமராவும் ஓடிட்டிருக்கும், முன்னோட்டத்துக்கு ஆகும்னு. நான் கன்ட்ரோல் ரூம்ல ஹெட்ஃபோன் போட்டு சவுண்ட் பாத்துட்டிருக்கேன். அப்ப கேக்குது.

“ஏ பிள்ள, ஒருத்தர்ட்டயும் சொல்லாதத ஒன்ட்ட சொல்லுதேன். மகா நான் பெத்த பிள்ள இல்ல. என் தங்கச்சி பிள்ள. கல்யாணம் ஆகாமலே பெத்தா. யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல. பெத்துப் போட்டுட்டு கெணத்துல விழுந்துட்டா. நானும் எங்க வீட்டுக்காரரும் பச்ச மண்ணைத் தூக்கிட்டு ஊரை விட்டே வந்துட்டோம். அவளுக்குத் தெரியாது. அவ மாமியா ஒரு மாதிரி. தெரிஞ்சா என் பிள்ளைய வாழ விடமாட்டா. என்னமோ மனசுக்குள்ள கெடந்து அறுக்கு, அதான் ஒன்ட்ட சொன்னேன்.”

ஜெபசீலி என்ன சொன்னா தெரியுமா? “இத இத்தோட மறந்துருங்கக்கா. நானும் மறந்துட்டேன்.” அவ்ளோதான் சொன்னா.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. இத்தன வருஷ சர்வீஸ்ல அந்த மாதிரி ஒண்ணு எனக்கு வாய்ச்சதில்ல. நான் தேடிப் போகல. மைக் ஆன்ல இருந்துச்சு, தானா வந்துச்சு. சேனல்லயோ ரேட்டிங் எறங்கிடுச்சு, ஷோவையே நிறுத்தப் போறோம்னு பேசிட்டிருக்காங்க. யூனிட்ல இருக்கற அத்தன குடும்பமும் என் தலையில. நான் என்ன பண்ணணுங்கறீங்க? தொகுத்து வழங்குற மேடம் காதுல மெதுவா சொல்லிவிட்டேன்.

அம்மாவும் பொண்ணும் மேடையில கட்டிப்புடிச்சு அழுது முடிச்சாங்க. ஆடியன்ஸ் கை தட்டுறாங்க. மாமியாக்காரி மொத வரிசையில உக்காந்திருக்கு. அப்ப எங்க மேடம், அவங்க குரல் உங்களுக்குத்தான் தெரியுமே, தேன் மாதிரி, “கஸ்தூரி, மனசுல ஒரு பாரம் இருக்குன்னு சொன்னீங்களே. மகாவப் பெத்தவங்களப் பத்தி... இன்னிக்காவது அத எறக்கி வச்சுடலாமா?”ன்னாங்க.

கஸ்தூரி மேடத்தப் பாக்கலங்க. மகாவையும் பாக்கல. நேரா கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற ஜெபசீலியப் பாத்துச்சு. “ஏ பிள்ள...”ன்னுச்சு. அவ்ளோதான். அந்த ‘ஏ பிள்ள’ இருக்கே, எந்த நடிகையாலயும் முடியாது.

இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, அப்படியே மேடைக்குள்ள ஓடிடுச்சு! ஷூட் போயிட்டிருக்கு! மண்டி போட்டு, “நான் சொல்லலக்கா, சத்தியமா நான் சொல்லல”ன்னு கஸ்தூரி சேலையில இருந்து மைக்கப் புடுங்குது. வேற யாரா இருந்தாலும் கட் சொல்லிருப்பாங்க. நான், “ரெண்டாவது கேமரா, அந்தப் பொண்ணு மூஞ்சிக்குப் போ, நகராத”ன்னேன். அங்கதாங்க அனுபவம் பேசுது.

மகா எழுந்து நின்னு, “அப்ப நான் யாரும்மா?”ன்னு கேட்டா. கீழ இருந்து மாமியாக்காரி, “அப்பன் யாருன்னே தெரியாததையா எங்க வீட்டுல கொண்டாந்து வுட்ட?”ன்னு கத்துச்சு. அது நாங்க எழுதிக் குடுத்ததுன்னு பேசிக்கிட்டாங்க. இல்லவே இல்ல. அது தானா வந்தது. மகா எறங்கி வெளிய போயிட்டா. புருஷன் பின்னாடியே ஓடினான். கஸ்தூரி உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்துச்சு. ஆடியன்ஸ் எப்ப எழுந்திரிக்கிறதுன்னு தெரியாம முழிச்சாங்க. அவங்களுக்குச் சொல்ல வேண்டியவ மேடையில மண்டி போட்டிருக்கா.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஜெபசீலி என் ரூமுக்கு வந்தா. சண்ட போடுவான்னு பாத்தா, இல்ல. “மேடம், இத ஒளிபரப்பாதீங்கன்னு கேக்க எனக்கு உரிமை இல்ல. ஒண்ணே ஒண்ணு. அந்தக்காவுக்கு ஃபோன் பண்ணி, மைக் வழியாத்தான் கேட்டோம், அந்தப் பிள்ள சொல்லலன்னு மட்டும் சொல்லிருங்க மேடம்”னா.

எப்படிங்க சொல்றது? மைக்ல கேட்டோம்னு சொன்னா நாளைக்கு கோர்ட்டுக்குப் போவாங்க. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். “இந்தத் தொழில்ல யார்கிட்டயும் ஒட்டிக்கக் கூடாதும்மா. இது உனக்கு மொதப் பாடம், நெஞ்சுல வச்சுக்கோ”ன்னேன். காலுல விழுந்தா. சங்கடமா இருக்காதா? கண்ணாடிக் கதவு, ரிசப்ஷன்ல இருக்கறவங்க எல்லாரும் பாக்குறாங்க. எழுந்திரி, மூஞ்சியக் கழுவிட்டு வா, அடுத்த ஃபோனை எடுன்னேன். எடுக்கல. பையத் தூக்கிட்டுப் போயிட்டா. சொல்லாம கொள்ளாம. அதுக்குப் பேரு ஒழுக்கமா?

எபிசோடுக்கு முன்னோட்டம் நான்தான் கூட இருந்து வெட்டினேன். மேக்கப் ரூம்ல ஜெபசீலி அந்தம்மா கையப் புடிச்சு காதுல என்னமோ சொல்ற ஷாட் இருந்துச்சு. உண்மையில தண்ணி வேணுமான்னுதான் கேக்குறா. அதுக்கு அடுத்து மேடம் கேள்வி, அதுக்கு அடுத்து ‘ஏ பிள்ள’, அதுக்கு அடுத்து இவ மண்டி போட்டு அழறது. வேற ஒரு வார்த்த சேக்கல. கண்ணிமைக்கிற நேரம் ஓடும். ஊரே பாத்துச்சு. உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். வந்துச்சா? அந்தக் காட்டிக்குடுத்த பொண்ணு கத, ஆமா, அதேதான்! அது நம்ம தயாரிப்பு.

முன்னோட்டம் வந்த கையோட அவ சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கா. கஸ்தூரி வீட்டு வாசல்ல நின்னு, உண்மையச் சொல்லிட்டுப் போயிடலாம்னு. முன்னோட்டம் பாத்திட்டிருந்த தெரு. விடுவாங்களா? தறிக்குப் போற பொம்பளைங்க சூழ்ந்துக்கிட்டு வெளக்குமாத்தால சாத்திட்டாங்க. கஸ்தூரி கதவே தெறக்கல. இவ கன்னம் வீங்கி, கிழிஞ்ச சுடிதாரோட பஸ் ஏறி ஊருக்குப் போயிருக்கா. அத எவனோ வீடியோ எடுத்து எங்களுக்கே அனுப்பினான். நான் போடல. போட்டிருக்கலாம். போடல. இத யாராவது சொல்றாங்களா?

படிப்பையும் பாதியில விட்டுட்டா. இப்ப ஊர்ல ஒரு கல்யாண வீடியோ கடையில உக்காந்து எடிட்டிங் பண்றா. கோயில்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்களாம், அவகிட்ட வாய் தெறக்கவே பயப்படுறாங்களாம். பொண்ணு பாக்க வந்தவன் வீடியோ பாத்துட்டுத் திரும்பிட்டானாம். அவங்க அம்மா என்கிட்ட அழுதுச்சு. நான் சொன்னேன், “எடிட்டிங் தெரிஞ்சதாலதான இன்னிக்கு கஞ்சி குடிக்கிறா? அது எங்க கத்துக்கிட்டா?”ன்னு.

ஆமாங்க, பாத்தேன். நேத்துதான் நாசரேத்துல போய் பாத்துட்டு வர்றேன். எபிசோடு ஓடி ஒரு வருஷம் ஆச்சு, மக்கள் இன்னும் மறக்கல. அதனால ஒரு ஸ்பெஷல் எடுக்கறோம். எல்லாரையும் திரும்ப ஒரே மேடையில. கடையில பொண்ணு என்னப் பாத்தவுடனே எழுந்து நின்னுச்சு. மரியாத தெரிஞ்ச பொண்ணு. “அவங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா மேடம்?”னா. ஒரு வருஷம் கழிச்சும் அதே கேள்வி! நான் சொன்னேன், “நீ ஷோவுக்கு வா. எல்லாரும் இருக்கறப்ப, மேடையில வச்சே சொல்லிடறேன்.” ஓடிட்டிருந்த கல்யாண வீடியோவ நிறுத்தினா. அப்புறம், “வாரேன்”னா. நாளைக்கு பஸ்ல வந்துடுவா.

சொல்லுவேனா? சொல்லணும்னா சொல்லிட்டாப் போச்சு. மேடையில பேசுறது எல்லாமா டி.வி.ல வருது? கையில கத்திரி இருக்கு.

மகாவா? அவ வரமாட்டேன்னுட்டா. திருப்பூர்ல இருக்கா, ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. ஃபோன்ல, “அந்தம்மா பேரச் சொன்னா போலீசுக்குப் போவேன்”னா. மாமியா என்னல்லாம் பண்ணுதோ, பாவம். ஆனா கஸ்தூரிகிட்ட இத எப்படிச் சொல்றது? சொன்னா வருமா? அதனால மகாவும் கொழந்தையும் ஸ்டுடியோவுக்கு வர்றாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நாற்காலி காலியா இருக்கறதப் பாக்குறப்பதான் உண்மையான...

ஒரு நிமிஷம். வாங்கக்கா, வாங்க. ஏன் அங்கேர்ந்து பெட்டி பெட்டியா நடந்து வர்றீங்க? அங்க சீட்டு நல்லாத்தானே இருக்கு? உங்களுக்கு ஏ.சி. ஒத்துக்காதுன்னுதான் அந்தப் பெட்டியில போட்டேன்.

“அது இருக்கட்டும் மேடம். பிள்ளைக்கு வெள்ளி அரணாக்கொடி வாங்கியாந்தேன். கறுப்புக் கயிறுல கோத்துப் போடவா, அப்படியே போடவான்னு மகாட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுதீங்களா? நான் பேசுனா வச்சுருவா.”

கறுப்புக் கயிறுலயே கோருங்கக்கா. அவளும் அப்படித்தான் சொன்னா.

“சொன்னாளா? என் பேரச் சொன்னாளா?”

சொன்னாக்கா. அம்மா சாப்புட்டாங்களான்னு கேட்டா. போய் உக்காருங்க. வண்டி ஆடுது, புடிச்சுப் போங்க.

பாத்தீங்களா? அவங்கதான் கஸ்தூரி. எவ்ளோ எளச்சுட்டாங்க. இருந்தாலும் என் மேல உயிரு. எபிசோடு ஓடின மறுநாளே நான் ஃபோன் பண்ணி, அந்தப் பொண்ணை வேலைய விட்டே தூக்கிட்டேன்க்கான்னு சொன்னேன். அன்னிக்கு என்கிட்ட அழுதாங்க, எனக்காக ஒருத்தியாவது நின்னீங்களேன்னு. அதுலேர்ந்து நல்லது கெட்டது எல்லாம் என்கிட்டதான்.

ஏன், என்ன ஆச்சு? எங்க எழுந்திரிக்கிறீங்க? பாத்ரூம் இந்தப் பக்கம். ஹலோ... அந்தப் பெட்டிக்கு எதுக்குப் போறீங்க? ஏங்க, பை இங்கயே இருக்கு. அவங்ககிட்ட என்னத்தப் பேசப் போறீங்க?

போங்க. தாராளமாப் போய்ச் சொல்லுங்க. பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சு, அன்பா, ஆறுதலாச் சொல்லுங்க. அப்படிப் பேசுறவங்க யாரையும் அவங்க இப்ப நம்பறதில்லைங்க.